"நாம்" என்னும் சொல்லின் விலை

2023-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு. அகமதாபாத்தில் கிரிக்கெட் உலகக் கோப்பையின் இறுதியாட்டம் முடிந்துவிட்டது. அதுவரை தொடர்ந்து பத்து ஆட்டங்களில் வென்று வந்த இந்திய அணி, அன்று 240 ஓட்டங்களில் அடங்கி, ஆஸ்திரேலியாவிடம் ஆறு விக்கெட் வேறுபாட்டில் தோல்வியுற்றது. தில்லியில் நாம் வாழும் அரசுக் குடியிருப்பில் மாலை முழுதும் எழுந்த ஆரவாரம் ஓய்ந்து, வீடுதோறும் விளக்குகள் அணைந்தன. நாமும் தொலைக்காட்சிப் பெட்டியை அணைத்துவிட்டு, "தோற்றுவிட்டோம்" என்று பெருமூச்செறிந்தோம்.

பதினொரு வயது நிரம்பிய நம் மகன் அருகில் அமர்ந்திருந்தான். "நீங்கள் விளையாடவே இல்லையே, அப்பா. பிறகு எப்படித் தோற்றீர்கள்?" என்று கேட்டான்.

அவன் குறும்பாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினான். நாமோ அவனைக் கடிந்து பேசிப் படுக்கைக்கு அனுப்பினோம். விடை தெரியாத வினாவுக்கு அதிகாரத்தால் விடை சொல்லும் வழக்கம் அலுவலகங்களில் உண்டு. அங்கே மேலே உள்ளவரிடம் கற்றதை, இங்கே கீழே உள்ளவரிடம் காட்டினோம்.

மறுநாள் திங்கட்கிழமை. அலுவலகத்தில் கோப்புகள் கட்டவிழ்க்கப்படவில்லை. தோல்விக்குக் காரணமானவர் யார் என்னும் விசாரணையே நண்பகல் வரை நடந்தது. ஒருவர் அணித்தலைவரைக் குறை கூறினார். ஒருவர் ஆடுகளத்தைக் குறை கூறினார். ஒருவர் குறிப்பிட்ட ஓர் ஆட்டக்காரரின் பெயரைச் சொல்லி, அவர் இனி நாடு திரும்பவே தேவையில்லை என்றார். ஆட்டம் நடந்ததே நம் நாட்டில்தான் என்பதையும் சினம் மறக்கச் செய்துவிட்டது. நாமும் அவ்விசாரணையில் ஓர் உறுப்பினராக இருந்தோம். மகனின் வினா மட்டும் நெஞ்சின் ஓரத்தில் கிடந்து உறுத்திக்கொண்டிருந்தது.

ஓர் அணியின் வெற்றியும் தோல்வியும் நம்முடையவை என்று சொல்லும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? அவ்வுரிமைக்கு நாம் கொடுக்கும் விலை யாது? இவ்வினாக்களையே இங்கே ஆராய முற்படுகின்றோம்.

தொலைவில் ஓர் ஆட்டம்

தன் வழக்கில் தானே நீதிபதியாக அமர்தல் முறையன்று. கிரிக்கெட்டைப் பற்றி நம்மால் நடுநிலையோடு சிந்தித்தல் அரிது. ஆகவே, நமக்கு உறவும் பகையும் இல்லாத வேறொரு நாட்டின் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு அதன் இரசிகர்களைப் பார்ப்போம் என்று எண்ணினோம். அமெரிக்க நாட்டின் பேஸ்பால் ஆட்டம் அதற்கு ஏற்றதாக அமைந்தது. அதன் வரலாற்றைப் படிக்கப் படிக்க, தொலைவு என்று கருதிய அந்த ஊர்களில் நம் முகமே தெரிந்தது.

பேஸ்பாலைக் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட உடன்பிறப்பு எனலாம். அணிக்கு ஒன்பது பேர். ஆட்டத்திற்கு ஒன்பது சுற்று. ஒருவர் பந்தை எறிய, ஒருவர் மட்டையால் அடிப்பார். அடித்தவர் மூன்று தளங்களைத் தொட்டு, புறப்பட்ட இடத்திற்கே மீண்டும் வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். மூவர் ஆட்டமிழந்தால் மட்டை மறு அணியின் கைக்குப் போகும். ஆண்டின் முடிவில் எஞ்சும் இரண்டு அணிகள் மோதும் தொடருக்கு 'உலகத் தொடர்' என்று பெயர். ஏழு ஆட்டங்களில் நான்கை முதலில் வெல்லும் அணிக்கே பட்டம்.

இந்த ஆட்டத்தின் தனித்தன்மை ஒன்றுண்டு. இளவேனிலில் தொடங்கி இலையுதிர்காலம் வரை ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகின்றது. ஏறத்தாழ நாள்தோறும் ஆட்டம். இத்தனை ஆட்டங்களில் எவ்வளவு சிறந்த அணியும் பலமுறை தோற்றே தீரும். ஒரு பருவத்தில் மிக அதிகமாக 116 ஆட்டங்களை வென்ற அணிகள் இரண்டு: 1906-இல் சிகாகோ கப்ஸ், 2001-இல் சியாட்டில் மரினர்ஸ். சியாட்டில் அணி அவ்வாண்டிலும் 46 முறை தோற்றது. அதனினும் வியப்பு, அந்த இரண்டு அணிகளுமே அந்தந்த ஆண்டின் இறுதிப் பட்டத்தைப் பெறவில்லை. மட்டை பிடிப்பவரின் நிலையும் அதுவே. பத்து முறையில் மூன்று முறை நன்றாக அடித்தவர் தேர்ந்த ஆட்டக்காரர் என்று பாராட்டப்படுகின்றார். ஏழு முறை தோற்பவரே அங்கே வல்லவர்!

எனவே பேஸ்பால் அணி ஒன்றின் இரசிகராக இருத்தல் என்பது பெரும்பாலும் தோல்வியோடு குடித்தனம் நடத்துவதேயாகும்.

அறியாமை என்னும் வாதம்

இரசிகரின் பற்றை அறியாமை என்பார் உளர். அவர்கள் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. அணி ஒரு வணிக நிறுவனம். ஆட்டக்காரர் ஊதியம் பெறுபவர். இன்று இங்கே ஆடுபவர் நாளை எதிரணியில் ஆடுவார். அவருக்கு நம் பெயர்கூடத் தெரியாது. இத்தகையோரின் பொருட்டு உண்ணாமலும் உறங்காமலும் வருந்துவது மடமையன்றோ என்பர்.

இவ்வாதத்திற்குச் சான்றாக நிற்பது புரூக்ளின் ஊரின் கதை. நியூயார்க் மாநகரின் ஒரு பகுதி புரூக்ளின். அதன் டாட்ஜர்ஸ் அணி 1941, 1947, 1949, 1952, 1953 என ஐந்து முறை உலகத் தொடரில் நுழைந்து, ஐந்து முறையும் அதே மாநகரின் செல்வாக்கு மிக்க யாங்கீஸ் அணியிடம் தோற்றது. ஒவ்வொரு முறையும் அவ்வூர் மக்கள், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம் என்று சொல்லித் தம்மைத் தேற்றிக்கொண்டனர். அந்த 'அடுத்த ஆண்டு' 1955-இல் வந்தது. அதே யாங்கீஸ் அணியை டாட்ஜர்ஸ் வென்றது. ஊரே தெருவில் இறங்கிக் கொண்டாடியது.

ஆனால் 1957-ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் அணியை அதன் உரிமையாளர் மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குக் கொண்டு சென்றுவிட்டார். புதிய அரங்கத்திற்கான நிலம் பற்றிய பேச்சு முறிந்ததும், மேற்குக் கரையில் காத்திருந்த புதிய வாய்ப்பும் காரணம். பல்லாண்டு தோல்வியைச் சுமந்த மக்களை எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. பழைய அரங்கம் 1960-இல் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன.

மத்திய அரசில் பணியாற்றும் நமக்கு மாற்றல் உத்தரவு புதிதன்று. ஒரு தாளில் இரண்டு வரி வரும். குடும்பமும் பள்ளியும் நட்பும் ஒருசேரப் பெயர்க்கப்படும். ஆயினும் மாற்றலாகிச் செல்பவரையே நாம் நினைக்கின்றோம். புரூக்ளினில் ஓர் ஊர் அப்படியே இருந்தது. அதன் நெஞ்சம் மட்டும் மாற்றலாகிப் போய்விட்டது. கணக்கேட்டின்படி அவ்வணி அம்மக்களுடையதாக ஒருநாளும் இருந்ததில்லை. அவர்கள் சொன்ன "நாம்" என்னும் சொல்லுக்கு எந்த ஆவணத்திலும் பதிவில்லை.

கணக்கேட்டில் இல்லாத வரவு

ஆயினும் கணக்கேட்டில் இல்லாதவை எல்லாம் இல்லாதவை ஆகிவிடுமா? அதே புரூக்ளினில் 1947-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் ஜாக்கி ராபின்சன் என்பவர் முதல் தளத்தைக் காக்க வந்து நின்றார். அவர் கறுப்பினத்தவர். இருபதாம் நூற்றாண்டில் அதுவரை பெரும் அணிகளில் கறுப்பினத்தவர் எவரும் இடம்பெற்றதில்லை. அவர் எதிரணியினரின் வசைகளைக் கேட்டார். கொலை மிரட்டல்களைக் கண்டார். ஆனால் அவர் ஓடி வந்து சேர்த்த ஒவ்வோர் ஓட்டமும் புரூக்ளினின் ஓட்டமாயிற்று. தம் வீட்டுக்கு அருகில் ஒரு கறுப்பினக் குடும்பம் குடிவர ஒப்பாதவர்கூட, மாலையில் "நாம் வென்றோம்" என்று சொல்லும்போது அவரையும் அச்சொல்லுக்குள் அழைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரு சொல் நாட்டின் கொடுமையை நீக்கிவிடவில்லை. எனினும் அச்சொல்லின் எல்லை ஓர் அடி விரிந்தது.

பற்று தரும் இன்னொரு வரவும் உண்டு. பாஸ்டன் நகரின் ரெட் சாக்ஸ் அணி 1918-இல் பட்டம் வென்றது. 1919-ஆம் ஆண்டின் இறுதியில் பேப் ரூத் என்னும் ஈடற்ற ஆட்டக்காரரை நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு விற்றது. 1918-க்குப் பின் அடுத்த பட்டம் பெற 86 ஆண்டுகள் ஆயின. 1946, 1967, 1975, 1986 ஆகிய ஆண்டுகளில் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை சென்று, நான்கு முறையும் கடைசிப் படியில் வழுக்கி விழுந்தது. 2004-இல், இறுதித் தொடருக்கு முந்திய தொடரில் யாங்கீஸ் அணியிடம் முதல் மூன்று ஆட்டங்களையும் இழந்தது. அந்நிலையிலிருந்து எழுந்து நான்கு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றது. பெரும் அணிகளின் பேஸ்பால் வரலாற்றில் அதற்கு முன் அவ்வாறு நிகழ்ந்ததில்லை. பின்னர் செயின்ட் லூயிஸ் அணியை நான்கு ஆட்டங்களிலும் வென்று, அக்டோபர் 27-ஆம் நாள் பட்டம் பெற்றது.

அடுத்து நிகழ்ந்ததே நம் கருத்தை ஈர்த்தது. பாஸ்டன் வட்டாரத்தில் பலர் இடுகாடுகளுக்குச் சென்றனர். தந்தையின் கல்லறையிலும் பாட்டனின் கல்லறையிலும் அணியின் சிறு கொடிகளையும் வெற்றிச் செய்தி தாங்கிய நாளிதழ்களையும் வைத்தனர். 2016-இல் சிகாகோ கப்ஸ் அணி 108 ஆண்டுகளுக்குப் பின் பட்டம் வென்றபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. மக்கள் அவ்வணியின் ரிக்லி அரங்கச் செங்கற்சுவரில், அந்நாளைக் காணாமல் மறைந்த தம் உற்றாரின் பெயர்களைச் சுண்ணக்கட்டியால் எழுதினர். சுவர் முழுதும் பெயர்கள் நிரம்பின.

நாம் அமாவாசை நாளில் எள்ளும் நீரும் இறைத்து, கண்ணுக்குத் தெரியாத முன்னோரை நினைக்கின்றோம். அவர்கள் சுண்ணக்கட்டியால் அதையே செய்தனர். ஒரு தந்தை மகனுக்கு விட்டுச் சென்ற செல்வம் ஒரு காத்திருப்பு. அக்காத்திருப்பு நிறைவெய்திய நாளில், மகனுக்கு முதலில் தோன்றியது கொண்டாட்டம் அன்று. கடன் தீர்க்கும் எண்ணமே. இதை மடமை என்று தள்ளிவிட நம்மால் இயலவில்லை. தோல்வியிலும் விலகாத பற்று, மனிதரைத் தலைமுறைகளுக்குக் குறுக்கே பிணைக்கின்றது.

பழி சுமந்தவர்

பற்றின் மேன்மையைச் சொன்ன நாம் அதன் கயமையையும் சொல்லியாக வேண்டும்.

1986, அக்டோபர் 25. நியூயார்க் மெட்ஸ் அணியோடு ஆறாவது ஆட்டம். அதை வென்றால் பாஸ்டனுக்குப் பட்டம். பத்தாம் சுற்றில் பாஸ்டன் ஐந்துக்கு மூன்று என முன்னணியில் இருந்தது. எதிரணியில் இருவர் ஆட்டமிழந்துவிட்டனர். தளங்களில் எவரும் இல்லை. எஞ்சியவர் ஒருவரே. அந்நிலையில் எதிரணியினர் மூவர் தொடர்ந்து அடித்துத் தளம் சேர்ந்தனர். ஓர் ஓட்டம் வந்தது. பாஸ்டனின் பந்தெறிபவர் ஒரு பந்தைத் தவறாக எறிய, இன்னோர் ஓட்டம் வந்து ஆட்டம் சமநிலையாயிற்று. இவ்வளவுக்கும் பிறகே, தரையில் உருண்டு வந்த ஒரு பந்து, முதல் தளத்தில் நின்ற பில் பக்னரின் கால்களுக்கு இடையே புகுந்து ஓடியது. ஆட்டம் போயிற்று. இரண்டு நாள் கழித்து ஏழாவது ஆட்டம் நடந்தது. அதிலும் பாஸ்டன் முதலில் மூன்று ஓட்டங்கள் முன்னணி பெற்று, பின்னர்த் தோற்றது.

மூன்று அடிகளை வழங்கியவர் உண்டு. பந்தைத் தவறாக எறிந்தவர் உண்டு. ஏழாவது ஆட்டத்தை இழந்தவர் ஒன்பதின்மர் உண்டு. ஆனால் ஊர் நினைவில் நின்றது ஒரே பெயர். கணுக்கால் நோவோடு அப்பருவம் முழுதும் ஆடியவர், 22 பருவங்களில் 2,715 முறை வெற்றியோடு பந்தை அடித்தவர், ஒரு நொடிக்கு உரியவராகச் சுருக்கப்பட்டார். வசையும் எள்ளலும் அவரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தன. பிற்காலத்தில் அவர் தொலைவிலுள்ள ஐடஹோ மாநிலத்திற்குக் குடும்பத்தோடு குடிபெயர்ந்தார்.

பக்னராவது ஆடியவர். 2003-இல் சிகாகோவில் ஆடாத ஒருவரே பழி சுமந்தார். அக்டோபர் 14-ஆம் நாள், ஃபுளோரிடா மார்லின்ஸ் அணியோடு கப்ஸ் ஆடிய ஆட்டம். கப்ஸ் அணி 1945-க்குப் பின் உலகத் தொடரில் நுழைந்ததே இல்லை. அன்று மூன்று ஓட்டங்கள் முன்னணி. இன்னும் ஐவரை ஆட்டமிழக்கச் செய்தால் போதும். அப்போது பார்வையாளர் வரிசையின் விளிம்பை நோக்கி ஒரு பந்து வந்தது. பல கைகள் அதைப் பிடிக்க நீண்டன. ஓர் இரசிகரின் கை பட்டுப் பந்து விலகியது. கப்ஸ் ஆட்டக்காரரால் பிடிக்க முடியவில்லை. அதன்பின் தடுப்பாட்டத்தில் பெரும் தவறு ஒன்று நேர்ந்தது; எதிரணி அச்சுற்றில் எட்டு ஓட்டங்கள் குவித்தது. மறுநாளும் ஓர் ஆட்டம் இருந்தது. அதையும் கப்ஸ் இழந்தது.

ஆயினும் அரங்கம் முழுதும் அந்த ஒரு மனிதரையே வைதது. பொருள்களை வீசியது. காவலர் சூழ அவரை வெளியேற்ற நேர்ந்தது; பின்னர் அவர் வீட்டுக்கும் காவல் இடப்பட்டது. அவர் மன்னிப்புக் கோரி அறிக்கை விடுத்தார். அதன்பின் பொதுவாழ்வின் வெளிச்சத்திற்கே வரவில்லை. அடுத்த ஆண்டு அந்தப் பந்தை ஊரறிய வெடிவைத்துத் தகர்த்தனர். ஊரில் அவரைவிடப் பெரிய இரசிகர் இருந்திருப்பாரா என்பது ஐயமே. பந்தை நோக்கிக் கை நீண்டது பகையால் அன்று. அவர் நெஞ்சிலும் "நாம்" என்னும் சொல்லே இருந்தது. தோல்வி வந்த நொடியில் அச்சொல்லிலிருந்து அவர் பெயரை மட்டும் அடித்துவிட்டனர்.

இவ்விடத்தில் நம் கதை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், நம் பிரிவில், காலமான ஊழியர் ஒருவரின் மனைவிக்குச் சேரவேண்டிய ஓய்வூதிய நிலுவைக் கோப்பு ஒன்று நான்கு திங்கள் தாமதமாயிற்று. அந்த அம்மையார் மேலிடத்திற்கு எழுதினார். விசாரணை வந்தது. கோப்பு ஐந்து மேசைகளில் தங்கியிருந்தது. கடைசியாக, பணியில் சேர்ந்து ஓராண்டும் ஆகாத இளைஞர் ஒருவர் அதைத் தவறான பிரிவுக்கு அனுப்பியிருந்தார். அது மூன்று நாள் தாமதம். குறிப்பாணை அவர் ஒருவருக்கே சென்றது. எஞ்சிய நான்கு மேசைகளைப் பற்றி எவரும் பேசவில்லை.

அவற்றுள் ஒன்று நம்முடைய மேசை. அக்கோப்பு நம்மிடம் பதினொரு நாள் கிடந்தது.

இக்கட்டுரை நெடுக "நாம்" என்று எழுதிவருகின்றோம். அது எழுத்து மரபு. ஒளிந்துகொள்ள வசதியான இடமும் அதுவே. பரிசு வரும்போது "நம் பிரிவு" என்றோம். பழி வந்தபோது "அந்தப் பையன்" என்றோம். சிகாகோ அரங்கத்தில் பொருள்களை வீசியவர்களைக் குறை சொல்லும் தகுதி நமக்கு எவ்வளவு என்பதை வாசகர் அளந்துகொள்ளலாம்.

காலம் கடந்த மன்னிப்பு

2008-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள், பாஸ்டனின் ஃபென்வே அரங்கத்தில் பருவத்தின் தொடக்க விழாவில் முதற்பந்தை எறியப் பில் பக்னரை அழைத்தனர். அரங்கம் முழுதும் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டியது. அவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். 2019-இல் அவர் காலமானார். சிகாகோவில் பழி சுமந்த இரசிகருக்கு, 2016 வெற்றியின் நினைவாக ஆட்டக்காரர்க்கு வழங்கும் மோதிரம் ஒன்றை 2017-இல் அணி நிருவாகம் வழங்கியது.

இவை நெஞ்சை நெகிழ்விக்கும் நிகழ்ச்சிகள். எனினும் ஓர் ஐயம் எழுகின்றது. பாஸ்டன் 2004-இலும் 2007-இலும் வென்ற பிறகே அந்த விழா நடந்தது. சிகாகோ வென்ற பிறகே அந்த மோதிரம் வந்தது. வயிறு நிரம்பியவர் பகிர்ந்து கொடுத்தல் எளிது. வெற்றி வராமலே இருந்திருந்தால், மன்னிப்பும் வராமலே இருந்திருக்குமா?

நமக்கு ஆறுதல் தரும் விடை ஒன்றும் அவ்வரலாற்றிலேயே உண்டு. 1990-இல் பக்னர் மீண்டும் பாஸ்டன் அணிக்கு ஆட வந்தார். தோல்வி நிகழ்ந்து நான்கு ஆண்டுகூட நிறைவுறவில்லை. பட்டமோ இன்னும் பதினான்கு ஆண்டுத் தொலைவில் இருந்தது. அன்றும் அப்பருவத்தின் முதல் ஆட்டத்தில் ஃபென்வே அரங்க மக்கள் எழுந்து நின்று அவரை வரவேற்றனர். புண் ஆறாதபோதே எழுந்து நின்ற அந்தக் கைகளையே நாம் பெரிதாக மதிக்கின்றோம். ஊர் என்பது ஒரே நெஞ்சம் உடையதன்று. வைதவரும் உளர்; எழுந்து நின்றவரும் உளர். எவரோடு நிற்பது என்பதே ஒவ்வோர் இரசிகரும் தமக்குத் தாமே விடை காண வேண்டிய வினா.

எதிர்வரிசையில் இருப்பவர்

கப்ஸ் வென்ற 2016 இறுதியாட்டம் கிளீவ்லாந்து நகரில் நடந்தது. ஆட்டம் பத்தாம் சுற்று வரை நீண்டு, எட்டுக்கு ஏழு என்னும் ஓர் ஓட்ட வேறுபாட்டில் முடிந்தது. சிகாகோ மக்களின் 108 ஆண்டுக் காத்திருப்பை உலகமே பாடியது. கிளீவ்லாந்து அணி கடைசியாக வென்றது 1948-இல் என்பதை எத்தனை பேர் நினைத்தனர்? அவ்வூரிலும் தந்தையரின் கல்லறைகள் இருந்தன. வைப்பதற்கு வாங்கிய கொடிகள் அன்று இரவு வீட்டிலேயே கிடந்தன.

சோழர் இருவர் பொருதபோது கோவூர் கிழார் இடையே புகுந்து, இருவரும் ஒரே குடியினர், எவர் தோற்பினும் தோற்பது அக்குடியே என்று எடுத்துரைத்த செய்தியைப் புறநானூற்றில் காண்கின்றோம். போரை நிறுத்தப் புலவர் சொன்ன அறம் அது. விளையாட்டிலோ ஆட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. தோல்வியையும் நீக்க இயலாது. ஆனால் தோற்கவும் ஒருப்பட்டு எதிரே ஒருவர் வந்து நின்றாலன்றி ஆட்டமே இல்லை. அவ்வகையில் எதிரணியும் நம் குடியே.

இதை நாம் நூலில் கற்கவில்லை. 1999-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள், கல்லூரி மாணவராக இருந்தபோது, ஒரு தேநீர்க் கடையின் தொலைக்காட்சியில் கண்டோம். சென்னைச் சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் அணியோடு டெஸ்ட் ஆட்டம். வெற்றிக்கு 271 ஓட்டங்கள் தேவை. முதுகு நோவோடு ஆடிய டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்து, வெற்றி கைக்கெட்டும் நிலையில் ஆட்டமிழந்தார். எஞ்சிய மூவரும் நான்கு ஓட்டங்களுக்குள் வீழ்ந்தனர். பன்னிரண்டு ஓட்டங்களில் இந்தியா தோற்றது. கடையில் ஒருவரும் பேசவில்லை. அப்போது திரையில், சேப்பாக்கத்து மக்கள் எழுந்து நின்றனர். அரங்கத்தைச் சுற்றி வந்த பாகிஸ்தான் அணியினருக்குக் கைதட்டினர். நமக்கு முதலில் சினமே வந்தது. வீடு திரும்பும் வழியில்தான் அது மெல்ல வேறொன்றாக மாறியது. அன்று இந்திய அணி தோற்றது. அந்த மக்கள் தோற்கவில்லை.

விலை

ஆங்கிலத்தில் 'ஃபேன்' என்னும் சொல் வெறியர் என்று பொருள்படும் சொல்லின் குறுக்கம் என்பர். நாம் வழங்கும் 'இரசிகர்' என்பதோ சுவைப்பவர் என்று பொருள்படும். ஒரே மனிதருக்குள் இருவரும் குடியிருக்கின்றனர். எவர் வீட்டுக்காரர், எவர் வாடகைக்காரர் என்பது தோல்வி நாளில் தெரிந்துவிடும்.

"நாம்" என்று சொல்லும் உரிமை இலவசமாக வருவதன்று. ஆடாமல் பங்கு கேட்கும் நாம் மூன்று வகையில் விலை கொடுத்தாக வேண்டும். தோல்வியில் விலகாமல் உடன் இருத்தல் ஒன்று. பழியை ஒருவர் தலையில் இறக்காமல் நம் பங்கையும் ஏற்றல் ஒன்று. வென்ற எதிரியும் நம்மைப்போல் காத்திருந்தவரே என்று நினைத்தல் ஒன்று. இவ்விலையைக் கொடுத்தவர்க்கு அச்சொல் உரியது. கொடாதவர் அதைக் கடன் வாங்கிச் செலவிடுகின்றார்.

இவ்வளவும் எண்ணிய பின், குறிப்பாணை பெற்ற அந்த இளைஞரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் இப்போது வேறு ஊரில் பணியாற்றுகின்றார். அக்கோப்பு நம் மேசையில் பதினொரு நாள் இருந்ததைச் சொன்னோம். "எனக்கு அப்போதே தெரியும் சார். விடுங்கள்" என்று அவர் சிரித்தார். தெரிந்திருந்தும் அவர் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு வசையினும் கனமாக இருந்தது. மேலிடத்திற்கும் உண்மையை எழுதிக் கொடுத்தோம். குறிப்பாணை அவர் பதிவேட்டில் இனியும் நிற்குமா என்பது நம் கையில் இல்லை.

மகனுக்கும் விடை சொன்னோம். "நாங்கள் விளையாடவில்லை, ஆகவே தோற்கவும் இல்லை. தோற்றவர்களோடு இருந்தோம். அதைத்தான் அப்படிச் சொன்னேன்" என்றோம். அவன் அதை ஏற்றுக்கொண்டதாகவும் தெரியவில்லை, மறுத்ததாகவும் தெரியவில்லை.

2024-ஆம் ஆண்டு சூன் 29-ஆம் நாள் இரவு, பார்படோஸ் தீவில் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இந்திய அணி தென்னாப்பிரிக்காவை ஏழு ஓட்டங்களில் வென்றது. குடியிருப்பு முழுதும் வெடிச்சத்தம். நாமும் "வென்றுவிட்டோம்" என்று கூவினோம். மகனும் எம்முடன் குதித்தான். சற்று நேரம் கழித்து, சன்னலருகே நின்றுகொண்டு கேட்டான்: "தென்னாப்பிரிக்காவில் இப்போது யாராவது டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள், இல்லையா அப்பா?"

இம்முறை நாம் அவனைப் படுக்கைக்கு அனுப்பவில்லை. "இருப்பார்கள்" என்றோம். அருகில் சென்று நின்றோம். இருவரும் சிறிது நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம்.